பல்லக்கைச் சுமந்தவர் கடன்

திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சிக்குச் செல்லும் ரயில் பாதை 1928இல் திறக்கப்பட்டது. 1932இல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கும் தண்டவாளம் போடப்பட்டது. உடுமலைக்குத் தெற்கே ஆனைமலையும் பழனிமலையும் நெருங்கி நிற்கின்றன. ஆனாலும் இந்தப் பாதை எந்த மலையிலும் ஏறவில்லை. அடிவாரத்தை ஒட்டியே மேற்கே போய், மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்துவிடுகிறது. சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த பழைய பாதையும் 1860களின் தொடக்கத்தில் இதே கணவாய் வழியாகத்தான் போனது. இயற்கை இப்படிக் கொடுத்த வாசல் வேறு பல இடங்களில் இல்லை. அங்கெல்லாம் மலையைக் குடைந்தே ரயில் கடந்தது. குடைந்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. அவர்கள் இறந்து போட்ட பாதையில் சுகமாகப் போகிறவருக்கு அவர்களோடு என்ன உறவு, அவர்களுக்கு அவர் எதுவும் கடன்பட்டிருக்கிறாரா என்ற அறக்கேள்வியை மலைரயிலின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது.

உயர்ந்த மலைத்தொடரை ரயில் முறையாகக் கடந்த முதல் பெரிய முயற்சி ஆஸ்திரியாவின் செம்மரிங் கணவாயில் நடந்தது. கார்ல் வான் கேகா வடிவமைத்த அந்தப் பாதை 1854இல் முடிந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் பம்பாய்க்கும் புணேக்கும் இடையிலுள்ள போர் காட் என்ற மலைக்கணவாயில் ரயில் பாதை வேலை தொடங்கியது. ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்தில் 550 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்ததால் 25 சுரங்கங்கள் குடையப்பட்டன. வேலை உச்சத்தில் இருந்தபோது அங்கே 40,000க்கும் அதிகமானவர்கள் உழைத்தார்கள். செங்குத்தான பாறைமுகத்தில் கயிற்றில் தொங்கியபடி வெடிக்குழி துளைத்தவர்கள் அவர்கள். பாறை சரிந்து மாண்டவர்களைவிடக் காலராவாலும் காய்ச்சலாலும் மாண்டவர்களே அதிகம். குடிநீரும் குடிசையும் ஒழுங்காக இல்லாத முகாம்களில் ஒரு பருவம் கழிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், தப்பியவர்கள் ஓடினார்கள், மறுபருவத்துக்குப் புதிய ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் வந்து சில வாரங்களிலேயே இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று வேலையை நடத்தினார். 1863இல் பாதை திறந்தது. டிரெட்வெல்லின் மரணம் பெயரோடும் தேதியோடும் பதிவானது. கூலிகளின் மரணம் மொத்தமாக, தோராயமாக மட்டுமே எழுதப்பட்டது. இந்த ஏற்றத்தாழ்வு அன்றைய எழுத்தரின் சோம்பலால் வந்ததல்ல. யாருடைய சாவு கணக்கில் வரும், யாருடையது வராது என்பதை வேலை தொடங்குமுன்பே ஓர் அமைப்பு தீர்மானித்திருந்தது.

தமிழ்நாட்டின் மலைரயில் மெதுவாக வந்தது. நீலகிரிக்கு ரயில் விடும் யோசனை 1854இலேயே எழுந்தது. பணி 1891இல்தான் தொடங்கியது, நடுவில் கம்பெனி நொடித்தது, 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறியது, 1908இல் உதகமண்டலத்தை எட்டியது. பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரும் சரிவில் சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதிக்கப்பட்டது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் போகும் பாதை 1904இல் திறந்தது. இலங்கையில் கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலும், நானுஓயாவுக்கு 1885இலும், பதுளைக்கு 1924இலும் ரயில் போனது. முதலில் காப்பி, பிறகு தேயிலை என இரண்டையும் துறைமுகத்துக்கு இறக்கவே அந்தப் பாதை மலையேறியது. மலையில் காடழித்ததும் சாலை வெட்டியதும் தோட்டம் போட்டதும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன கூலிகள். மன்னாரில் கரையிறங்கி மாத்தளை நோக்கி நடந்த காட்டுவழியிலேயே பலர் விழுந்து இறந்தார்கள்.

உடுமலைக்குத் தெற்கே, சின்னாறும் மறையூரும் கடந்து போனால் வரும் மூணாறிலும் ஒருகாலத்தில் ரயில் ஓடியது. 1902இல் அங்கே மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி விடப்பட்டது. 1908இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி ரயில் விட்டார்கள். அது டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுபோகும். அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, போடிநாயக்கனூர் வழியாக அனுப்பினார்கள். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பாதையை அரித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. பயன் அழிந்துவிட்ட பாதைக்காக மாண்டவர்களின் உழைப்புக்கு என்ன பொருள் என்ற கேள்வியை, இன்றும் ஓடும் நீலகிரி ரயிலைவிட இந்தப் பாதை கூர்மையாக்குகிறது.

பின்வருவோரின் நன்மைதான் முன்னோர் துயரத்துக்கு நியாயம் என்பது பலரும் சொல்லும் விடை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட் 1784இல் உலக வரலாறு பற்றி எழுதிய கட்டுரையில் இதை ஒரு புதிராகவே வைத்தார். முந்தைய தலைமுறைகள் பாடுபட்டுக் கட்டும் வீட்டில் கடைசித் தலைமுறை மட்டுமே குடியிருக்கும், கட்டியவர்கள் அதில் கால் வைப்பதில்லை. மனித இனம் என்ற அளவில் இது தவிர்க்க முடியாதது என்று அவர் ஏற்றார். ஆனால் இது விசித்திரமானது என்ற உறுத்தலையும் மறைக்கவில்லை. அந்த உறுத்தல் நியாயமானது. ஒருவர் தன் இன்றைய பசியைப் பொறுத்து நாளைக்குச் சேமித்தால் இழப்பவரும் பெறுபவரும் ஒருவரே. போர் காட்டில் இழந்தவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டிக் கழிக்க யாருக்கும் உரிமை இல்லை. மேலும் குண்டளைப் பாதை பதினாறு ஆண்டுகளில் அழிந்தது. பயன் மட்டுமே நியாயம் என்றால், வெள்ளம் வந்த நாளில் அந்த நியாயமும் போய்விட்டது என்று சொல்ல வேண்டிவரும்.

கூலி பேசி, விரும்பித்தானே வந்தார்கள் என்பது இன்னொரு விடை. பஞ்சத்திலும் கடனிலும் முன்பணம் வாங்கிக் கிளம்பியவரின் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று கொள்வது கடினம். முழுச் சம்மதம்தான் என்று வைத்துக்கொண்டாலும், அவர் விற்றது தம் உழைப்பை, உயிரையல்ல.

தமிழ்ச் சமூகத்தில் செல்வாக்குள்ள விடை வினைக்கொள்கை. அவரவர் துன்பம் அவரவர் முன்வினை என்றால் கடன் என்ற பேச்சே எழாது. இந்த வாதத்தைத் திருக்குறளின் 37ஆம் குறள் நேராகத் தொடுகிறது. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் காட்டி அறத்தைப் பேசும் குறள் அது. இந்த இருவரைப் பார்த்தாலே அறத்தின் பயன் கண்கூடாகத் தெரியும், நூல்கொண்டு விளக்க வேண்டியதில்லை என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். சுமப்பவனையும் செல்பவனையும் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்பது பிற்கால உரைகாரர் சிலர் கொண்ட பொருள். மலைகளின் வரலாற்றில் இந்தக் குறள் உருவகமாக அல்லாமல் நடப்பாகவே இருந்தது. கொடைக்கானலுக்குச் சாலை அமையும்வரை வெள்ளைக்காரர்களை அடிவாரத்திலிருந்து நாற்காலிகளில் சுமந்துதான் மேலே கொண்டுபோனார்கள். ரயில் வந்த மலைகளில் தோளில் சுமக்கும் தேவை குறைந்தது. ஆனால் சுமப்பவர் இல்லாமல் போகவில்லை. பயணி ஏறுவதற்கு முன்பே சுமந்து முடித்து, கண்ணிலிருந்து மறைந்துவிட்டார். பல்லக்கில் செல்பவனுக்குக் கீழே மூச்சிரைப்பு கேட்கும். மலைரயிலில் செல்பவருக்கு அது கேட்பதில்லை.

வினைக்கொள்கையை முழுமையாக ஏற்றாலும் கடன் தீர்ந்துவிடாது என்பதைச் சைவ சித்தாந்தத்தின் உள்ளிருந்தே காட்ட முடியும். அது வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. சுமப்பவர் படும் துன்பம் அவருடைய பிராரத்தமாக இருக்கலாம். ஆனால் அவரைக் காலரா முகாமுக்கு அனுப்பியவர் அந்தச் செயலால் தமக்கென ஆகாமியத்தை ஈட்டுகிறார். பயனைத் துய்த்துவிட்டு மறப்பவரும் அவ்வாறே. பிறர் துன்பத்துக்கு அவர்களுடைய முன்வினையைக் காரணம் சொல்லும் வாய், தன் இப்போதைய வினைக்கு விலக்குக் கேட்க முடியாது. தன் துயரைத் தாங்கிக்கொள்ள ஒருவர் கைக்கொள்ளும்போதுதான் வினைக்கொள்கை சமயமாக நிற்கிறது. அடுத்தவர் துயரை விளக்கித் தள்ள அதைப் பயன்படுத்துவது அந்தக் கொள்கைக்கே இழைக்கும் தீங்கு.

நூல்கள் தயங்கும் இடத்தில் நாட்டார் சமயம் தயங்கவில்லை. போர் காட்டில் பழைய பம்பாய்–புணே சாலையோரம் சிங்ரோபா கோயில் இருக்கிறது. மலையைக் கடக்கும் வழியை ஆங்கிலேயருக்குக் காட்டிய தனகர் ஆட்டிடையன் அவன் என்பது கதை. என்ன பரிசு வேண்டும் என்று கேட்டதற்கு நாட்டின் விடுதலையைக் கேட்டானாம், சுட்டுக் கொன்றார்களாம். வயநாட்டுச் சுரத்தில் கரிந்தண்டன் கதையும் இதே அமைப்பில் உள்ளது. வழி காட்டிய பணியர் இளைஞன் கொல்லப்படுகிறான். அவன் ஆவி சுரத்தில் வருவோரைத் தொல்லை செய்ய, பூசாரி ஒருவர் அதை லக்கிடியில் ஒரு மரத்தில் சங்கிலியால் கட்டுகிறார். சங்கிலி சுற்றிய அந்த மரம் இன்றும் நிற்கிறது. இமயமலைப் பக்கம் 1903இல் திறந்த கால்கா–சிம்லா பாதைக்கு வழி சொன்னவர் பல்கு என்ற எளிய மலைவாசி என்று நம்புகிறார்கள். சிம்லாவின் ரயில் அருங்காட்சியகம் அவர் பெயரைத் தாங்குகிறது.

இவற்றை நடந்த வரலாறாக நிறுவ முடியாது, நிறுவத் தேவையும் இல்லை. இந்தக் கதைகள் சொல்வது இரண்டு. மலையைப் பற்றிய அறிவு அங்கே ஆடுமாடு மேய்த்தவர்களிடம் இருந்தது, பொறியாளர் அதைப் பெற்றுக்கொண்டார். கொடுத்தவருக்குக் கைம்மாறு செய்யப்படவில்லை, ஆகவே அவர் இன்னும் அந்த வழியில் இருக்கிறார். அநியாயமாக மாண்டவரை வணங்காமல் கடக்கக் கூடாது என்பது தமிழ் நாட்டார் சமயத்துக்கும் அடிப்படை. நடுகல்லும் கொலையுண்ட வீரர்களின் கோயில்களும் அதிலிருந்து எழுந்தவை. ஆனால் சங்கிலி மரம் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. வழிபாடு இறந்தவரின் குரலைக் கேட்பதற்காகவும் இருக்கலாம், அதைக் கட்டிப்போடுவதற்காகவும் இருக்கலாம். கட்டிப்போட்டால் பயணிக்கு அச்சம் தீர்கிறது, கடன் அப்படியே இருக்கிறது.

உடுமலையிலிருந்து கிழக்கே சிறிது தூரத்திலுள்ள பழனி இதே கேள்விக்கு வேறொரு விடையை வைத்திருக்கிறது. அகத்தியரின் சொல்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைக் காவடியாகச் சுமந்து வந்தவன் இடும்பன். பழனியில் இளைப்பாற இறக்கி வைத்தான், பிறகு தூக்க முடியவில்லை. மலை தனக்குரியது என்ற சிறுவனோடு பொருது மாண்டான், முருகனாகிய அச்சிறுவனின் அருளால் உயிர்பெற்றான், மலைக்குக் காவலானான். ஏறும் வழியில் இடும்பனை முதலில் வணங்கிவிட்டே முருகனை வணங்க வேண்டும் என்பது மரபு. சுமந்து வந்து மலையடியில் விழுந்தவனுக்குப் பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது, முதல் வணக்கம் இருக்கிறது. அவனைக் கடந்து குறுக்குவழியில் போக மரபு அனுமதிக்கவில்லை. அதோடு, காவடி எடுக்கும் அடியார் அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தம் தோளிலும் ஏற்கிறார்.

அந்தக் குன்றிலும் தண்டவாளம் ஏறியிருக்கிறது. 1966இல் விஞ்ச் வந்தது, 2004இல் ரோப் கார் வந்தது. முதியவருக்கும் நோயாளிக்கும் அவை பேருதவி. அவற்றால் தலத்தின் புனிதம் குறைந்தது என்பது பொருந்தாத வாதம். காந்தி 1909இல் எழுதிய ‘இந்திய சுயராஜ்ய’த்தில் ரயில் வந்ததால் தலங்களின் தூய்மை கெட்டது என்று கடிந்தார். ஆனால் உடுமலை வழியாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள், பக்கத்திலேயே ரயில் ஓடும்போதும் நடக்கிறார்கள். வசதி வந்தபின் நடையும் சுமையும் கட்டாயமாக இல்லாமல் விருப்பமாகிவிட்டன. அடியாரின் விருப்பச் சுமையும் கூலியின் கட்டாயச் சுமையும் ஒன்றல்ல. முன்னதன் பெருமையைப் பின்னதன் மேல் போர்த்தி, மாண்ட கூலிகளைத் தியாகிகள் என்று அழைப்பது தவறு. தியாகம் செய்ய அவர்களை யாரும் கேட்கவில்லை.

கடனை எப்படித் தீர்ப்பது என்பதற்கு வெவ்வேறு சமூகங்கள் வெவ்வேறு வழிகளை நாடின. சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு சுரங்கத்தை 1872 முதல் குடைந்தபோது இருநூறு பேர் அளவில் இறந்தார்கள். 1875இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது சுட்டதில் நால்வர் மாண்டார்கள். வின்சென்சோ வேலா என்ற சிற்பி, இறந்த தொழிலாளியைத் தோழர்கள் தூக்கிவரும் காட்சியைப் புடைப்புச் சிற்பமாகச் செய்தார். அது 1932இல் ஐரோலோவில் வெண்கலமாக நிறுவப்பட்டது. அமெரிக்காவின் சியரா நெவாடா மலையைக் குடைந்த சீனத் தொழிலாளர்களின் எலும்புகளை, அவர்களுடைய ஊர்ச்சங்கங்கள் தோண்டி எடுத்துச் சீனத்துக்கு அனுப்பின. பிறந்த மண்ணில் அடக்கமாகி வழிவந்தோரின் படையலைப் பெற வேண்டும் என்ற முன்னோர் வழிபாட்டுக் கடமை அது. அமெரிக்கத் தொழிலாளர் துறை அவர்களைத் தன் கௌரவப் பட்டியலில் சேர்த்தது 2014இல்தான்.

வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளில் தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரைப் பேணுவதையும் சேர்த்தார். அதை இரத்த உறவுள்ள முன்னோருக்கு மட்டும் உரியதாகக் கொண்டால், வாரிசு தெரியாமல் போர் காட்டில் புதைந்தவருக்கு நீர் விட யாரும் இல்லை. அவர் போட்ட பாதையில் போகிறவரே அவருக்கு வழிவந்தோர் என்று விரித்துக்கொள்வதே பொருத்தம். வாரிசுகள் உயிரோடு இருக்கும் இடத்திலோ கடன் வணக்கத்தோடு நிற்காது. இலங்கை மலையகத்தில் அப்படித்தான். அங்கே உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்து 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப வழிசெய்தது. தாத்தாக்கள் ஏறிய மலைகளிலிருந்து அதே ரயிலில் இறங்கி வந்த அவர்களில் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தார்கள். இலங்கையிலேயே தங்கி நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமை தந்தது. தோட்டங்களின் வரிசை வீடுகளான லயன் அறைகளுக்கு மாற்றாகச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் முழுதாக நிறைவேறவில்லை.