ஔஷத தானமும் அபய தானமும்



நம் குடும்பங்கள் சில அண்மையில் வத்தல்மலைக்குச் சென்று, காப்பியும் மிளகும் விளையும் அச்சரிவுகளில் ஒரு பகலைக் கழித்தன. கதிரவன் மறையுமுன் அனைவரும் உணவு முடித்தோம். அன்னையின் சிறுநீரகத்தைப் பெற்று வாழும் இளைஞர் ஒருவர், மாலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வினவினார்: "ஐயா, இவ்வகை மருந்துகளுக்காக எத்தனை சுண்டெலிகள் மடிந்தனவோ! இதனை உண்ணும் நான் அகிம்சை அணுவிரதம் காப்பவன் ஆவேனா?" அன்று சுருங்கவே விடை சொன்னேன். அது எனக்கே நிறைவளிக்கவில்லை.

மாங்கன்றில் ஒட்டுக் கட்டினால் மரம் ஏற்கிறது. மனித உடல் அவ்வாறன்று. பிறர் உறுப்பை அயலென்று கண்டு அழிக்க முனையும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் சிறுநீரக மாற்று வெற்றிபெற்ற காலந்தொட்டு இன்றுவரை, உறுப்புப் பெற்றோர் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் மருந்தால் அவ்வெதிர்ப்பை அடக்கியே வாழ்கின்றனர். மருந்தின்றியே உடல் ஏற்குமாறு செய்ய இயலுமா என்பதே ஆய்வாளரின் தேடல். கருவிலேயே அயல் அணுக்களைப் பெற்ற சுண்டெலி, வளர்ந்தபின் அவ்வினத்தின் தோலை ஏற்றதென்று பீட்டர் மெடாவரும் துணைவரும் 1953இல் காட்டினர். எதிர்ப்பைத் தணிக்கும் அணுக்களை ஆராய்ந்த மூவருக்கு 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. அங்கும் சுண்டெலியே.

ஆனால் எலியின் உடல் காட்டுவதெல்லாம் மனிதனுக்குப் பொருந்துவதில்லை. ஆதலால், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் அற்ற எலிகளுள் மனிதக் குருதி அணுக்களையோ அவற்றின் மூல அணுக்களையோ 1988 முதல் செலுத்துகின்றனர். பின்னர் மனிதத் தோலை அவ்வெலியின் மேல் ஒட்டி, அவ்வணுக்கள் தாக்குவதையும் பொறுப்பதையும் காண்கின்றனர். பொறை என்றவுடன் தசதர்மத்துள் முதலாவதே நமக்கு நினைவு வரும். இங்கோ பொறுப்பது எலி. முதிர்ந்த குருதி அணுக்களைப் பெற்ற எலியைப் பெரும்பாலும் சில வாரங்களில் அவ்வணுக்களே அயலென்று தாக்கி மெலிவித்துக் கொல்கின்றன.

இதனை ஆரம்ப இம்சை என்று சிலர் அமைதி கூறுவர். நான் உடன்படேன். உழவன் கொழு புழுவைத் தேடிச் செல்வதில்லை. ஆய்வாளரின் ஊசியோ எலியையே நாடுகிறது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன் எத்தனை விலங்குப் பிறவிகளில் உழன்றான்! அங்கு உயிர் இல்லை, சங்கற்பம் இருந்தது. இங்கு இரண்டும் உள்ளன. பிணி தீர்க்கும் நோக்கம் கஷாயத்தின் கடுமையைக் குறைக்கலாம், வினையை இல்லையாக்காது. நால்வகைத் தானத்துள் ஔஷதத்தை ஒருவருக்கு ஈந்து, அபயத்தை மற்றோர் ஐம்பொறி உயிரிடமிருந்து பறிக்கிறோம்.

அவ்வாறாயின் அவ்விளைஞர் மாத்திரையைத் துறப்பதா? கூடாது. துறந்தால் அன்னையின் கொடை அழியும். அவர் உயிரும் இடருறும். அது சல்லேகனை ஆகாது. கொலையை அவர் செய்யவில்லை, செய்விக்கவில்லை. எஞ்சியது உடன்படல். "எலிதானே" என்று நெஞ்சம் சொல்லுமாயின் உடன்பட்டவராவார். வருந்தி, நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் அவ்வுயிர்களையும் நினைந்து உட்கொள்வாராயின் ஆகார்.

நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், எலி, முயல், தவளை போன்ற சிற்றுயிர்களால் அதே பயன் கிட்டுமாயின் பேருயிர்களைத் தவிர்க்கச் சொல்கிறது. யானைக்கும் எறும்புக்கும் உயிர் ஒன்றே என்றறிந்த நமக்கு இவ்வாசகம் நெருடுகிறது. எனினும் வழி அடைபடவில்லை. புதுமருந்துச் சோதனையில் மனித அணுக்களால் வளர்த்த நுண்ணுறுப்புகளையும் கணிப்பொறி முறைகளையும் ஏற்க, 2023இல் விதிகள் திருத்தப்பட்டன. விலங்காய்வு நடத்தும் நிறுவனங்களின் நெறிக்குழுவில் அறிவியலார் அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கும் இடமுண்டு. எலியின்றி இவ்வாய்வு இயலாதா என்று அங்குக் கேட்கலாம்; எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லலாம். நம் இல்லங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் பலர் உள்ளனர். அவர்களுள் சிலரேனும் அவ்விடத்தை நாடிப் பெறவேண்டுமென வேண்டுகிறேன்.