ஜெயிக்கிறவரிடம் ஒரு கேள்வி

சீட்டாடித் தோற்றவரைப் பற்றி நம்மில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. பேராசை பிடித்தவர், குடும்பத்தைக் கெடுத்தவர், புத்தியில்லாதவர். ஜெயித்தவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மிஞ்சிப்போனால் 'கெட்டிக்காரன்' என்போம். தோற்றவர் விட்ட பணம் காற்றில் கரைந்துவிடவில்லை, இன்னொருவர் கைக்குத்தான் போயிருக்கிறது. அது தெரிந்தும் நம் அறிவுரை எல்லாம் ஒரே பக்கம் போய்க் கொட்டுகிறது.

சட்டமும் இப்படித்தான் பழகியிருக்கிறது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கு 1967இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி ஹிதாயத்துல்லா தீர்ப்பு எழுதினார். விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும். எனவே ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், மூணு சீட்டைப் போன்றது அல்ல என்றார். ஆட்டத்தை நடத்துகிறவர் அதிலிருந்து லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த ஆன்லைன் நிறுவனங்கள் முன்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன.

தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கை, மறுபடி ஓர் அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது என்று இழுத்து 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் தடைப் பட்டியலில் அவற்றைச் சேர்த்தது செல்லாது என்றது உயர் நீதிமன்றம். அதிர்ஷ்டம் என்றால் அழுக்கு, திறமை என்றால் சுத்தம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாதங்கள் எல்லாம் இந்த ஒரு கோட்டின் மேல்தான் நடந்தன.

கோடு தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறது என்பது என் கட்சி. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் திறமையின் பங்கு கூடக்கூட அநியாயமும் கூடுகிறது.

லிமிட் போக்கரை எடுத்துக்கொள்வோம். பந்தயத்துக்கு உச்சவரம்பு உள்ள ஆட்டம் அது. முதல் இரண்டு சுற்றில் சிறிய தொகை, அடுத்த இரண்டில் அதன் இருமடங்கு. ஒரு சுற்றில் இத்தனை தடவைக்கு மேல் ஏற்ற முடியாது என்ற கட்டு. பெரிய தொகையை அள்ளிப் போட்டு எதிராளியை மிரட்டி எழுப்பிவிட வழியில்லை. விவரம் தெரியாதவர் எந்தச் சீட்டுக்கும் 'சரி, பார்ப்போம்' என்று காசு போட்டுக்கொண்டே இருப்பார். எதற்காகப் போடுகிறார் என்று அவருக்கே தெரியாது, நமக்கு எப்படித் தெரியும்? புதிதாகக் கற்றவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் தோற்றுவிட்டு, 'அவன் எப்ப என்ன பண்ணுவான்னே தெரியல' என்று புலம்புவது வழக்கம்.

தொழில்முறை ஆட்டக்காரர் புலம்புவதில்லை. பொய்ப் பந்தயம் போட்டுப் பயமுறுத்த மாட்டார். பயப்படத் தெரியாதவரிடம் அது வீண். நல்ல சீட்டு வரும்வரை மடக்கி மடக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பார். வந்ததும் ஒவ்வொரு சுற்றிலும் முழுத் தொகையை வாங்குவார். அவ்வளவுதான். எதிராளியின் மனத்தைப் படிக்க வேண்டியதே இல்லை. ஒழுங்கில்லாமல் செய்கிற தவறும் தவறுதான். கூட்டினால் அதே தொகைதான் வரும். போக்கர் என்றதும் சினிமாவில் காட்டும் கூர்ந்த பார்வையும் சிகரெட் புகையும் இங்கே வேலைக்கு ஆகாது. இது குமாஸ்தா வேலை மாதிரி அலுப்பானது.

இந்த அலுப்பான வேலைக்கு என்னென்ன தேவை? முதலில் கையிருப்பு. பெரிய பந்தயத் தொகையைப் போல 300 மடங்காவது ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது லிமிட் ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நூறு ரூபாய் பந்தயம் என்றால் 30,000 ரூபாய், வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தொடவே தேவைப்படாத பணம். இரண்டாவது, தூக்கம். மூன்றாவது, கெட்ட ராத்திரியில் எழுந்து போய்விடும் சௌகரியம். நான்காவதுதான் நீதிமன்றம் பேசும் ஞாபகமும் கணக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலையிலோ ரோலிங் மில்லிலோ பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, ஒரே அறையில் நாலைந்து பேராகப் படுக்கிற ஒப்பந்தத் தொழிலாளியை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்காவது அவரிடம் இருக்கலாம். உலைக்கு முன்னால் நின்று பழகியவரிடம் கவனத்துக்கு என்ன பஞ்சம்? இல்லாதவை முதல் மூன்றும்தான். முப்பதாயிரம் என்பது அவர்களில் பலருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஷிப்ட் மாறும் வாரத்தில் தூக்கம் எங்கே? விட்டதைப் பிடிக்காமல் எழுந்தால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்துக்கு வேறு வழி ஏது? ஆக, மேசையில் 'திறமை' என்று எண்ணப்படுவதில் பெரும்பகுதி கையிருப்பும் ஓய்வும்தான். பட்டம் மட்டும் மூளைக்குப் போகிறது.

இதே தமிழ்நாட்டில் 'தகுதி, திறமை' என்று ஒருவர் பேச்செடுத்தால் என்ன நடக்கும்? எந்தப் பள்ளியில் படித்தாய், அப்பா என்ன வேலை, டியூஷனுக்கு எவ்வளவு கட்டினாய் என்று உடனே கேள்வி வரும். நீதிக்கட்சி அரசு முதல் வகுப்புவாரி ஆணையைப் போட்டது 1921இல். திறமைக்குப் பின்னால் நிற்கும் சொத்தையும் சாதியையும் காட்டுவதில் நமக்கு நூறாண்டுப் பயிற்சி இருக்கிறது. அந்தப் பயிற்சியைச் சீட்டு மேசையில் ஏன் கழற்றி வைத்தோம்? பகுத்தறிவாளர்களாகிய நாம் ராசிபலனையும் அதிர்ஷ்டக் கல்லையும் கேலி செய்ததில் காட்டிய சுறுசுறுப்பில் பாதியைக்கூட இதில் காட்டவில்லை. எதிரி அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

அதிர்ஷ்டம் உண்மையில் என்ன செய்கிறது? தோற்கப்போகிறவரை மேசையில் உட்காரவைக்கிறது. நன்றாக ஆடுகிறவர் மணிக்கு ஒரு பெரிய பந்தயம் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்து ஏற்ற இறக்கம் பத்துப் பந்தயம் அளவுக்கு இருக்கும். நூறு மணி நேரம் ஆடினால் சராசரி லாபம் 100. ஏற்ற இறக்கம் வர்க்கமூலக் கணக்கில் வளர்வதால் அதுவும் 100தான். எனவே இப்படி ஆடும் கெட்டிக்காரர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் நூறு மணி நேரம் கழித்தும் நஷ்டத்தில் இருப்பார். இதே கணக்கை மறுபக்கம் திருப்புங்கள். மணிக்கு ஒரு பந்தயம் விடும் ஏமாளிகளில் ஆறில் ஒருவர் நூறு மணி நேரம் கழித்தும் லாபத்தில் இருப்பார். அறைக்கு வந்து பேசுகிறவர் அவர்தான். மற்ற ஐந்து பேரும் வாயைத் திறப்பதில்லை. பந்தயத்துக்கு வைக்கும் உச்சவரம்பும் இதற்கே ஒத்தாசை செய்கிறது. ரம்மியில் ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 80 பாயின்ட்தான் போகும் என்பது காப்பு மாதிரித் தெரியும். ஒரே அடியில் விழாததால்தான் ஆட்டம் நீள்கிறது. நீண்ட ஆட்டம் எப்போதும் திறமைசாலியின் பக்கம்.

அத்தோடு நடத்துகிறவரின் கழிவு. இருவர் தலைக்கு நூறு வைக்கிறார்கள், செயலி பத்து சதவீதம் எடுக்கிறது என்று கொள்வோம். இருவரும் சம திறமை என்றால் நீண்ட கணக்கில் ஆளுக்குப் பத்து ரூபாய் ஒவ்வொரு ஆட்டத்திலும் நஷ்டம். சமமானவர்கள் மோதினால் இருவருமே தோற்பார்கள். லாபம் வேண்டுமானால் உங்களைவிட மட்டமாக ஆடுகிறவர் கட்டாயம் எதிரே உட்கார வேண்டும். அதனால்தான் தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சொல்லப்படும் முதல் பாடமே மேசையைத் தேர்ந்தெடு என்பது: பலவீனமானவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே போ. அடுத்த பாடம், அவர்களைத் திருத்தாதே. திருந்தினால் வருமானம் போச்சு.

2015 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழுவினர் இருவர் ஆடும் லிமிட் போக்கரை ஏறத்தாழ முழுதாகத் தீர்த்துவிட்டதாக 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 4,800 செயலிகள் 68 நாள் உழைத்துக் கண்ட விடை, யாராலும் நீண்ட காலத்தில் ஜெயிக்க முடியாத ஆட்டமுறை. அந்த இயந்திரத்தையே இன்னொன்றோடு மோதவிட்டால் ஒன்றும் தேறாது. எதிரே இருப்பவர் பிழை செய்தால்தான் அதற்குக் கூலி. பூரணத் திறமைக்கே இதுதான் கதி என்றால், ஜெயிக்கிறவர் கையில் இருப்பது தன் அறிவின் விலையா, எதிராளியின் களைப்பின் விலையா?

'அப்படிப் பார்த்தால் எல்லா வியாபாரமும் இதுதானே' என்பார்கள். நியாயமான ஆட்சேபம். ஏலச்சீட்டில்கூட அவசரக்காரர் அதிகம் தள்ளி எடுக்கிறார், பொறுத்திருந்தவருக்குக் கழிவு சேர்கிறது. ஆனால் தள்ளி எடுத்தவர் கையில் இன்றைக்குப் பணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ அது உதவுகிறது. சீட்டுக்கட்டு எதையும் உண்டாக்குவதில்லை. ஒருவர் பெற்றது முழுக்க இன்னொருவர் இழந்தது, அதிலும் கழிவு போக. சதுரங்கத்தைச் சொல்வார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றபோது 25 லட்சம் டாலர் பரிசில் அவருக்கு 13.5 லட்சம், தோற்ற டிங் லிரெனுக்கு 11.5 லட்சம். தோற்றவரின் வீட்டுப் பணத்தில் அந்தப் பரிசு வரவில்லை. குகேஷ் பலவீனமான எதிராளியைத் தேடி அலையவும் இல்லை.

இன்னொரு ஆட்சேபம், 'அவனாகத்தானே ஆட வந்தான்'. வந்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தான். தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று விதி போட்டபோது, திறமையை விற்பதாகச் சொன்ன நிறுவனங்கள் அந்த ஐந்து மணி நேரத்துக்காக உயர் நீதிமன்றம் போயின, ஜூனில் தோற்றன. அறிவு கூர்மையாக இருக்கும் நேரம் அதுதானா?

ஒரு விஷயத்தைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். மரத்தடியில் நாலு பேர் மங்காத்தா போட்டால் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் போலீஸ் பிடிக்கிறது. உள்ளேயா வெளியேயா என்பதில் ஏமாற்று இல்லாதவரை இன்ஜினியருக்கும் ஹெல்பருக்கும் ஒரே வாய்ப்புதான். தூங்கி எழுந்து வந்தவர் என்பதற்காகவே, தூங்காமல் வந்தவரை அங்கே ஜெயித்துவிட முடியாது. மங்காத்தா நல்லது என்று நான் சொல்லவில்லை. சட்டம் சுத்தம் என்று சான்று கொடுத்த ஆட்டத்தைவிட, கைவிலங்கு மாட்டிய ஆட்டத்தில் சமத்துவம் அதிகம் என்றுதான் சொல்கிறேன்.

வள்ளுவரை இழுத்து வந்து வாதத்தை முடித்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. என்றாலும் சூது அதிகாரத்தின் முதல் குறள் தோல்வியைப் பற்றியதல்ல, வெற்றியை எச்சரிப்பது. போக்கர்காரர்கள் பலவீனமான ஆட்டக்காரரை 'மீன்' என்பார்கள். அந்தக் குறளிலோ தூண்டிலை விழுங்கும் மீன் ஜெயித்தவர்.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்தது. அதற்கு முன்பு அரசும் சும்மா இருக்கவில்லை: 2023 அக்டோபர் முதல் கட்டிய பணத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி., நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் வருமான வரி. புதிய சட்டத்தில் நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை, அவர் பாதிக்கப்பட்டவர் என்கிறது அரசு. களைத்துப் போய் விட்டவருக்கு அது பொருந்தும். நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், முப்பதாயிரம் கையிருப்போடு உட்கார்ந்து, மேசையைத் தேர்ந்தெடுத்து, அவரிடமிருந்து மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தவரும் அதே கணக்கில்தான் வருகிறார், பாதிக்கப்பட்டவராக.