தீவனத் தொட்டி காலியாகவே இருக்கட்டும்

(திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்று ஆற்றிய உரை)



பீடத் துணி ஊதாவுக்கு மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வானவர் கீதமும் பாடவில்லை. பழக்க தோஷத்தில் கீபோர்டு தம்பி சுருதி பிடித்துவிட்டார். பரவாயில்லை, வருஷா வருஷம் நடப்பதுதான். இனி ஞாயிறு திருப்பலிகளில் அந்தப் பாட்டு கிறிஸ்து பிறந்த இரவு வரை இல்லை.

கோவிலுக்குள் இப்படி. கடைத்தெருவிலோ கிறிஸ்துமஸ் தாத்தா நவம்பரிலேயே மணியடிக்கத் தொடங்கிவிட்டார். கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிழைப்பு. நம் வீட்டைப் பற்றித்தான் கேட்கிறேன். டிசம்பர் பிறந்ததுமே மரம், குடில், குழந்தை இயேசு, சீரியல் விளக்கு எல்லாம் ஒரே ராத்திரியில் ஏறிவிடுகின்றன. 25ஆம் தேதி மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தால் விழா முடிந்தது. 26ஆம் தேதி நட்சத்திரம் பரணுக்குப் போய்விடுகிறது. ஆனால் திருச்சபைக்குக் கிறிஸ்து பிறப்புக் காலம் அப்போதுதான் ஆரம்பம். ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது நீள்கிறது. விருந்தாளி உள்ளே வரும்போது நாம் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறோம்.

நம் பெரியவர்கள் இதில் நிதானமாக இருந்தார்கள். குடிலைச் சுற்றிப் பசும்புல் வேண்டுமென்றால் கேழ்வரகையோ நெல்லையோ ஊறவைத்துத் தட்டில் தூவுவார்கள். அதற்கு நாள் கணக்கு உண்டு. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்பே தூவினால்தான் விழாவன்று குடிலைச் சுற்றிப் பச்சை நிற்கும். 23ஆம் தேதி ஞாபகம் வந்தால் கடையில் பச்சைக் காகிதம்தான் கிடைக்கும். காலையில் பல் துலக்கியதும் பிள்ளைகள் தண்ணீர் தெளிக்க ஓடுவதும், யார் தெளிப்பது என்று சண்டை போடுவதும் திருவருகைக் காலச் செபம்தான் என்று நான் சொல்வேன். இன்னும் வராத ஒருவருக்காகத் தினமும் ஒரு சின்ன வேலை செய்வதைவிடப் பெரிய செபம் என்ன இருக்கிறது?

கடவுளும் அவசரப்படவில்லையே! மார்ச் 25ஆம் தேதி மங்கள வார்த்தைத் திருநாள். அன்றிலிருந்து எண்ணிப் பாருங்கள், டிசம்பர் 25க்குச் சரியாக ஒன்பது மாதம். வானத்திலிருந்து நேரே இறங்கி வந்திருக்கலாம். ஆனால் ஒரு தாயின் வயிற்றில் அந்த மாதக் கணக்கை ஏற்றுக்கொண்டார். சூசையப்பரைப் பாருங்கள். நற்செய்தி நூல்களில் அவர் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பேசாத தச்சரைத்தான் வீரமாமுனிவர் தேம்பாவணியின் காவியத் தலைவராக்கினார். நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட அப்பாக்கள் உண்டு. செபமாலை சொல்லக் கூப்பிட்டால் நழுவிவிடுவார்கள். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து மூங்கில் பிளந்து, பசை காய்ச்சி, வர்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்து முடிப்பார்கள்.

காத்திருக்கக் கற்றுக்கொடுத்த இன்னொருவரும் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் விஷெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். 1839இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுதிரி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுதிரி என்று அதில் நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார். இன்று நம் பீடத்தருகே நான்கு திரிகளோடு இருக்கும் வளையத்துக்கு அதுவே முன்னோடி. எண்ணத் தெரிந்த பிள்ளை காத்திருக்கவும் கற்றுக்கொண்டது.

ஆகவே குடிலை மெதுவாகக் கட்டுங்கள். இந்த வாரம் வைக்கோல், அடுத்த வாரம் ஆடுமாடு. மாதாவும் சூசையப்பரும் வீட்டின் வேறொரு மூலையிலிருந்து புறப்பட்டு நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து வரட்டும். தீவனத் தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலியாகவே இருக்கட்டும். குழந்தையை எடுத்து வைக்கிற உரிமை வீட்டிலேயே சின்னவருக்கு. பலகாரத்துக்கும் அதே நிதானம் போதும்: முறுக்கு ஒரு நாள், அதிரசம் ஒரு நாள். தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து வந்த தூக்குப் பாத்திரம் இன்னும் உங்கள் அலமாரியில் இருந்தால், அதை வெறுமையாகத் திருப்ப நம் ஊரில் யாருக்கும் மனசு வராது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த ஆண்டு நட்சத்திரம் கட்டாத வீடுகள் நம் பங்கில் இருக்கின்றன. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுட மாட்டார்கள். சொந்தக்காரர்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நல்ல வழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் கீத பவனி போகிற இளைஞர்கள் அந்த வாசலை மட்டும் தாண்டிப் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். சங்கடப்படுத்தக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். உள்ளே இருப்பவர்களுக்கோ, மேளச் சத்தம் தங்கள் வாசலில் நின்று அடுத்த வீட்டில் தொடங்குவது கேட்கும். உண்மையில் திருவருகைக் காலம் அவர்களுக்கே முதலில் சொந்தம். இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தானே இந்தத் திரிகள்?

தம்பிகளே, பவனிக்கு முந்தின நாளே அந்த வீட்டில் போய்க் கேளுங்கள். வரச் சொன்னால் மேளத்தைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போய் ஒரு பாட்டு பாடுங்கள். பாட்டு வேண்டாம் என்றால் சும்மா உட்கார்ந்திருங்கள். அந்த வீட்டு அம்மா காப்பி போட எழுந்தால், "வேண்டாம்மா" என்று சொல்லித் தடுக்காதீர்கள்.