கட்டிலோடு கட்டிய கை

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் மணிக்கட்டில் துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டிலோடு கட்டிவைப்பது பல மருத்துவமனைகளில் இன்றும் உள்ள வழக்கம். ஏன் என்று கேட்டால், "டியூப்பைப் பிடுங்கிடுவார்" என்பார் செவிலியர். அது சாக்கு அல்ல. தொண்டைக்குள் வென்டிலேட்டர் குழாய், மூக்கில் உணவு செலுத்தும் குழாய். சன்னி கண்ட நோயாளிக்கு நினைவு பாதி திரும்பியதும் கை முதலில் அங்கேதான் போகும்.

ஆனால் கட்டினால் குழாய் தப்பிவிடும் என்பது உறுதியில்லை. குழாயைத் தாமே பிடுங்கிக்கொண்டவர்களில் கணிசமானோரின் கைகள் அந்த நேரத்தில் கட்டப்பட்டேயிருந்தன என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கட்டப்பட்டவர் திமிறுவார், திமிறத் திமிற சன்னி முற்றும். மணிக்கட்டுத் தோல் உரியும், படுக்கைப்புண் வரும். உடம்போடு சேர்த்துக் கட்டிய பட்டையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு.

இவ்வளவும் தெரிந்த செவிலியரும் கட்டுகிறார். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோயிஸ் எவன்ஸ், நெவில் ஸ்ட்ரம்ப் என்ற செவிலிய ஆய்வாளர்கள் இந்த மனப்பான்மையை அறிய வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினர். முதியவரைக் கட்டிவைக்க எந்தக் காரணம் எவ்வளவு முக்கியம் என்று அது கேட்கிறது. கீழே விழாமல் காப்பது, குழாயைக் காப்பது என்று வரும் காரணங்களுக்கு நடுவே ஊழியரின் கண்காணிப்புக்கு ஈடாகக் கட்டுவதும் ஒரு காரணமாக இடம்பெற்றிருக்கிறது. விஷயத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. இரவுப் பணியில் ஒரே செவிலியர் பல கட்டில்களைப் பார்க்கும் வார்டில் துணிப்பட்டைதான் இரண்டாவது ஆள். குழாய் பிடுங்கப்பட்டால் அந்த நேரத்துச் செவிலியர் விளக்கம் எழுதித்தர வேண்டும். கட்டியதற்கு விளக்கம் கேட்பது அரிது. செவிலியர் நோயாளிக்காக மட்டும் பயப்படுவதில்லை, தனக்காகவும்தான். ஆனாலும் கட்டும்போது கெஞ்சும் முகம் வீட்டுக்குப் போன பிறகும் உறுத்துவதாகப் பல செவிலியர் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இதைக் கல்மனம் என்று சொல்வது தகாது.

கட்டிவைப்பது மருத்துவமனைக்கு வெளியே இன்னும் கொடூரமாகவும் முடிந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். பின்னாளில் வந்த இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடுத்தது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் உடலைக் கட்டுப்படுத்தலாம், தண்டனையாகக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்பதற்காகவும் கூடாது என்றது. வார்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணத்தைச் சட்டம் பெயர்சொல்லியே விலக்கியது. ஆனால் உடல்நோய்க்காக வென்டிலேட்டரில் படுத்திருப்பவரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அல்ல அது.

கட்டுக்கு மாற்று எளிய பொருள்கள்தான். நோயாளியின் சொந்த மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, கண்ணில் படும் கடிகாரம், வலிக்கு வேளைக்கு மருந்து, குழாய் தேவையா என்று தினமும் ஒரு கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளும் மகளும் அதில் சேர்த்தி. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று பல இடங்களில் அவளைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறார்கள்.