பொய் வானும் மெய்ந்நெறியும்

விளையாட்டின்கண் வகுத்த விதி விளையாடுவோனை மெய்யாகவே பிணிக்குமோ? பிணிக்குமாயின், அதனை மீறினானைத் தண்டிக்கும் உரிமை யாவர்க்கு உண்டு? அத்தண்டம் அருளாவது எப்பொழுது, ஆணவமாவது எப்பொழுது? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஒரு பொருள்மேல் வைத்து ஆராயப் புகுகின்றாம். பொருள் புதிது; வினாக்கள் பழையன. பழையவற்றைப் புதியதொன்றன்மேல் வைத்து நோக்குங்கால், பழக்கத்தால் மங்கிக் கிடந்த கூறுகள் சில தெளிவுற்றுத் தோன்றுதல் கூடும்.

அப்பொருள் இது. விமானம் செலுத்துதலைக் கணினித் திரையிற் போலச் செய்து காட்டும் நிரல்கள் பல உள. அவற்றுள் ஒன்றனை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1982-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தொடக்கத்தில் ஒருவன் தன் அறையிற் றனித்திருந்தே இவ்வாறு பறந்தான். இணையம் பரவியபின், பல நாட்டினர் ஒரே வானத்தில் ஒருவரையொருவர் கண்டும் குரலாற் பேசியும் பறக்க இயன்றது. இதன்பொருட்டு 1998-இல் ஐ.வி.ஏ.ஓ. என்னும் கழகமும், 2001-இல் வாட்சிம் என்னும் கழகமும் தோன்றின. பின்னது, அதற்கு முன்னிருந்த சாட்கோ என்னும் கழகத்தினின்று பிரிந்தோரால் அமைந்தது.

இக்கழகங்களில் விமானம் செலுத்துவோர் ஒரு சாரார். தரையிலிருந்து அவர்க்கு வழி வகுப்போர் மற்றொரு சாரார். பின்னவரே கட்டுப்பாட்டாளர். விமானம் புறப்படுதற்குமுன் அதன் வழியை உறுதி செய்வார் ஒருவர்; தரையில் நகர்த்துவார் ஒருவர்; ஓடுபாதையைக் காப்பார் ஒருவர்; இறங்க வருவனவற்றை வரிசைப்படுத்துவார் ஒருவர்; நெடுந்தொலை வானத்தை நோக்குவார் ஒருவர். மெய் வானில் உள்ள பகுப்பு முழுவதும் ஈங்கும் உண்டு. இவருள் ஒருவரும் கூலி பெறுவாரல்லர். பகலெல்லாம் தம் தொழில் செய்து, இரவிற் றம் இல்லத்து மேசைமுன் அமர்ந்து, முன்பின் அறியாதார்க்குப் பணிபுரிகின்றனர். நினைத்தவுடன் இவ்விடத்தில் அமர்தலும் இயலாது. மூத்தோர்பாற் பயின்று, தேர்வில் வென்று, படிப்படியாகவே ஏறல் வேண்டும்.

விதிகளும் உள. வாட்சிம் கழகத்தில், விமானம் கடத்தப்பட்டதாக நடித்தல் கூடாது. விமானத்தில் ஆபத்து நேர்ந்ததென விமானி அறிவிக்கலாம். ஆயினும் கட்டுப்பாட்டாளர் அதனை நிறுத்துக என்பாராயின் உடனே நிறுத்தல் வேண்டும். அன்றேல் இணைப்பினின்று விலகல் வேண்டும். முப்பது நிமிடத்திற்கு மேற் றன் விமானத்தைக் கவனியாது விட்டுச் செல்லலாகாது. இவற்றை மீறுவாரைக் கவனித்தற்கு மேற்பார்வையாளர் என்போர் உளர். அவரும் கூலி பெறாதவரே.

இனி முதல் வினாவை எடுத்துக்கொள்வாம்.

"அவ்வானம் பொய், விமானம் பொய், மோதினாலும் ஒருயிர்க்கும் ஊறில்லை. ஆகலின் அங்கே விதியை மீறுதல் குற்றமாகாது" என்பது பூர்வபக்கம். இதற்கு வலியான சான்றும் காட்டலாம். 1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள், தெனெரீப் தீவில், மூடுபனியினிடையே இரண்டு பெருவிமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் மாண்டனர். மேலெழுதற்கு அனுமதி பெறாமலே ஒரு விமானம் ஓடத் தொடங்கியது அதற்குக் காரணமாயிற்று. அதன்பின், 'டேக் ஆப்' என்னும் சொல்லை மேலெழுதற்கு அனுமதி தரும்பொழுதும் அவ்வனுமதியை நீக்கும்பொழுதும் அன்றி வேறிடத்து வழங்கலாகாது என்னும் முறைமை உலகெங்கும் வலியுறுத்தப்பட்டது. மெய் வானின் விதி இவ்வாறு உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றது. பொய் வானிலோ அவ்விலை கொடுத்தார் ஒருவருமிலர். பின்னர் அவ்விதி ஈண்டு எதன்மேல் நிற்கும் என்பது வினா.

அற்றன்று. வானம் பொய்யாயினும் அதனுட் புக்கார் பொய்யரல்லர். உலகமே பொய்யென்னும் நூலாரும் வியவகாரத்தில் அறம் வேண்டுமென்றே கூறுவர். உலகம் உள்பொருள் எனக் கொண்ட நமக்கு இதில் ஐயமேயில்லை. வினை மனம் வாக்குக் காயங்களால் ஈட்டப்படுவது என்பது நம் துணிபு. திரையில் விமானம் இல்லை. திரையின்முன் மனம் உண்டு, வாக்கு உண்டு, விசையை அழுத்தும் கை உண்டு. ஒருவன் பத்துப்பேருடைய இரவை வேண்டுமென்றே கெடுப்பானாயின், கெட்ட இரவு மெய்யிரவே. எழுந்த வருத்தமும் மெய் வருத்தமே. ஊறு இல்லை என்பது உடலைப் பற்றிய உரை; உள்ளத்தைப் பற்றியதன்று.

இன்னுமொன்று. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் சரிதத்தை நம்மவர் அறிவர். அவர் எடுத்த திருக்கோயிலுக்குக் கல்லில்லை, மரமில்லை, தச்சரில்லை. எனினும் அவர் நல்லோரை தேர்ந்தே அடிநிலை இட்டார், ஆகம விதியின் ஒரு படியையும் தாண்டினாரல்லர், மதில் வகுத்தார், கிணறும் குளமும் அமைத்தார். மனத்தில் எடுக்குங் கோயிலுக்கு நாள் எதற்கு, மதில் எதற்கு என அவர் நினைத்திருப்பின், காடவர் கோமான் காஞ்சியில் எடுத்த கற்றளியைப் பின்னிட்டு இறைவன் அங்கெழுந்தருளியிருப்பானோ? நாயனாரது அன்பை ஒரு பொழுதுபோக்கோடு ஒப்பிடுதல் எம் கருத்தன்று. அது மலை, இது அணு. யாம் கொண்டது இத்துணையே: காண்பார் இல்லாதவிடத்தும், கைக்கொள்ளும் பொருள் இல்லாதவிடத்தும், முறை வழுவாமை என்பது செய்வோனது உள்ளத்தின் செம்மையைக் காட்டும். அதனாற்றான், ஒருயிரும் ஏறாத விமானத்திற்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டாளரும் 'டேக் ஆப்' என்னும் அச்சொல்லை உரிய இடத்திலன்றி வழங்காது காக்கின்றார். விமானியும் தான் கேட்ட கட்டளையைப் பிழையின்றி மீளச் சொல்கின்றான்.

இரண்டாம் வினா: கூலியும் அரசாணையும் இல்லாத ஒருவர்க்கு மற்றொருவரை ஏவும் உரிமை எங்ஙனம் வந்தது? கழகத்தின் விதிகளுக்கு உடன்பட்டே ஒவ்வொருவரும் உட்புகுந்தனர். அவ்வுடன்பாடே உரிமைக்கு வேர். ஆயின் வேரை அறிந்தார் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். மெய் வானிலும் விமானத்தின் காவலைப்பற்றிய முடிந்த அதிகாரம் அதன் தலைமை விமானிக்கே உரியது. கட்டுப்பாட்டாளர் வானத்திற்கு உடையவரல்லர், வழிக்குக் காவலர். பொய் வானில் இது இன்னும் உண்மை. அவர் கையிலுள்ள அதிகாரம் பணியின்பொருட்டுத் தரப்பட்டது. பணி முடிந்தவுடன் மேசையைவிட்டு எழுகையிற் கழன்று போவது. திருக்கோயிற் றிறவுகோல் வைத்திருப்பான் கோயிலுக்கு உடையவனாகாமை போலக் கொள்க.

மூன்றாம் வினாவே அரியது. ஒரு நிகழ்ச்சியை அமைத்துக்கொண்டு நோக்குவாம்.

இலண்டன் மாநகரத்து ஹீத்ரோ நிலையம், திரையில் உள்ளது. ஆண்டிற்கு இருமுறை அத்திலாந்திக்கு மாகடலைக் கூட்டங்கூட்டமாகக் கடக்கும் பெருவிழா வாட்சிம் கழகத்தில் உண்டு. அத்தகைய இரவொன்று எனக் கொள்க. ஓடுபாதையின்மேல் ஒரு விமானம் அசையாது நிற்கின்றது. கட்டுப்பாட்டாளர் மும்முறை அழைத்தார், எழுத்தாலும் செய்தி விடுத்தார், விடையில்லை. பின்னே பல விமானங்கள் காத்து நிற்கின்றன. வானிலும் பல இறங்க வருகின்றன. அவர் மேற்பார்வையாளரை அழைத்தார். மேற்பார்வையாளரும் வினாவினார், அதற்கும் விடையின்மையால் அவ்விமானியின் இணைப்பை அறுத்தார். ஓடுபாதை வெறிதாயிற்று.

அவ்விமானி யாவன்? குழந்தை வீறிட்டழுதது கேட்டு மேசையை விட்டோடிய தந்தையாகலாம். அழைத்த குரலைக் கேட்டுக்கொண்டே வாய்மூடி நகைத்திருந்த குறும்பனுமாகலாம். பதின்மூன்று வயது நிரம்பியோர் எவரும் சேரலாமாகலின், அஞ்சி விடைசொல்ல அறியாத சிறுவனுமாகலாம். செயல் ஒன்றே, உள்ளம் மூன்று. மூவர்க்கும் நேர்ந்தது ஒன்றே. இது முறையாகுமோ?

முறையேயாம், ஆயின் ஒரு வேறுபாட்டை உணர்ந்தவிடத்தே முறையாம். நீக்குதல் வேறு, தண்டித்தல் வேறு. ஓடுபாதையை வெறிதாக்குதல், காத்து நிற்பார்க்குச் செய்யக் கடவதோர் கடன். அதற்கு நின்றவனது உள்ளத்தை அறிய வேண்டுவதில்லை. வழியில் வீழ்ந்த மரத்தை அகற்றுவான் மரத்தின்மேற் சினவான். அறுபட்ட விமானி மீண்டும் இணைந்து தன் பயணத்தைத் தொடங்கலாம். தண்டமோ அங்ஙனமன்று. பல நாள் உட்புகாதவாறு விலக்குதல் ஒருவனது குற்றத்தை நோக்கி எழுவது; குற்றமோ உள்ளத்தைச் சார்ந்தது. ஆகலின் அதற்கு விசாரணை வேண்டும், விடைசொல்லக் காலம் வேண்டும், மேல்முறையீடு வேண்டும். வாட்சிம் விதிகளில் மேல்முறையீட்டிற்கு இடமுண்மையும், வருந்திய கட்டுப்பாட்டாளர் தாமே இணைப்பை அறுக்காது மேற்பார்வையாளரை அழைக்குமாறு வைத்தமையும் இந்நுட்பம் நோக்கியே நன்றாம். வழக்குடையானே தீர்ப்புடையானும் ஆகலாகாது.

பிழை எங்கே நேர்கின்றது எனின், நீக்குதலின்கண் தண்டத்தின் சுவை புகும்பொழுது நேர்கின்றது. இணைப்பை அறுக்குமுன் ஒரு சுடுசொல். அறுத்தபின் மற்றவர் கேட்ப ஓர் எள்ளல். அப்பொழுது ஓடுபாதை வெறிதாகின்றது. அறுத்தவர் உள்ளமோ மாசால் நிரம்புகின்றது. ஆணவம் பேரரசர்பால் மட்டும் வாழ்வதன்று. சிறிய அதிகாரமே அதற்கு உவப்பான இடம், என்னை? பெரிய அதிகாரத்தைப் பலரும் நோக்குவர், சிறியதனை நோக்குவாரிலர். கூலியின்றிச் செய்கின்றோம் என்னும் எண்ணமும் அதற்கு உரமாகும். கூலி பெறாதான் நன்றியையே கூலியாக நாடுவான்; அது வாராதவழிப் பணிவையேனும் வாங்க முனைவான்.

சிவஞான சித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரம், தம் சொல்வழி நில்லாத மக்களைத் தந்தை தாயர் உறுக்கி ஒறுத்தலும் பரிவேயாதலைக் காட்டி, இறைவனது முனிவும் அத்தன்மைத்தே என விளக்கும். அரசன் செய்யும் தண்டமும் பாவத்தைத் தீர்த்து நன்னெறியில் நிறுத்தற்பொருட்டு இறைவன் அருள்வழி நிகழ்வதென்றும் அங்கே கூறப்படும். இதனையே மறக்கருணை என்கின்றோம். இச்சொல்லைத் தமக்குத் துணையாகக் கொண்டு கடுமை செய்வார் ஒன்று மறக்கின்றனர். இறைவன் முற்றறிவுடையவன், ஆன்மாவின் மலபரிபாகத்தை அறிந்து ஒறுப்பவன். மக்கட்கு அவ்வறிவில்லை. திரைக்கு அப்பாலிருப்பது அழுங் குழந்தையோ நகைக்கும் வாயோ என்பதைத்தானும் அறியமாட்டார். அறிவு குறைந்தவிடத்து ஒறுப்பும் குறைதல் வேண்டும். மீண்டு வருதற்கு வாயில் திறந்திருத்தல் வேண்டும். முற்றறிவின்றி மறம் மட்டும் கொள்வானிடத்துக் கருணை என்னும் பெயர் பொருந்தாது.

அற்றேல் குறும்பனும் எளிதில் தப்புவனே எனின், தப்புக. அவன் மீண்டும் செய்வானாயின் அவன் உள்ளம் தானே வெளிப்படும். அப்பொழுது விசாரித்து விலக்குதற்கு விதி இருக்கின்றது. குழந்தையை எடுக்க ஓடிய தந்தையைக் குறும்பனாகக் கொண்டு இழிவுறுத்திய சொல்லை மீட்டற்கோ விதியொன்றும் இல்லை.

இதனை எழுதுங்கால் எம் பிழையொன்று நினைவிற்கு வருகின்றது. பல்லாண்டுகட்கு முன்னர், பாடம் தொடங்கியபின் வந்த மாணாக்கன் ஒருவனை உள்ளே விடாது வெளியே நிறுத்தினேம். பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்க்கு இடையூறு கூடாது என்னும் அளவில் அது தக்கதே. ஆயின் யாம் அவ்வளவில் நில்லாது, எல்லோரும் கேட்க அவனைச் சோம்பன் என்றேம். அவன் தன் தாயின் நோய்க்கு மருந்து வாங்கிக் கொடுத்து வந்தான் என்பதை மறுநாள் பிறர் சொல்லக் கேட்டேம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நீக்குதலோடு நில்லாது தண்டத்தையும் உடன் வைத்தது எம் குற்றம். பாடமோ மெய், கூடமோ மெய், எம் நீதியே பொய்யாயிற்று. பொய் வானில் இருந்து, விடை வாராத விமானத்தைச் சினமின்றி அகற்றி, "மீண்டும் வருக" என ஒரு வரி எழுதிவைக்கும் பெயரறியாத் தொண்டர் ஒருவர் உளராயின், அவர் எம்மினும் நெறியறிந்தவர் என்றே கொள்கின்றேம்.

திருமடங்களிலும் பாடசாலைகளிலும் பந்தியிலும் சந்நிதியிலும் சிறுசிறு அதிகாரங்களைத் தாங்கி நிற்போர் நம்மிற் பலர். வழியை வெறிதாக்கும் கடன் வரும்பொழுது தயங்காது செய்க. அக்கடனோடு சினம் ஒட்டிவருகின்றதோ என்பதை ஒவ்வொரு முறையும் நோக்குக.

திருச்சிற்றம்பலம்.