பட்டினத்தார் ஊரில் இசைத்தட்டு

திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டி இருக்கிறது பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகம் செய்த பெருஞ்செல்வர் அவர் என்கிறது மரபு. வளர்ப்பு மகன் மருதவாணர் ஒரு பேழைக்குள் காதற்ற ஊசி ஒன்றையும் ஓர் ஓலையையும் வைத்துவிட்டு மறைந்தார். அதைக் கண்டதும் வணிகர் எல்லாச் செல்வத்தையும் உதறிவிட்டுத் தெருவில் இறங்கினார் என்பது கதை. காதற்ற அந்த ஊசிகூட உடன் வராது என்று ஊர் ஊராகப் பாடியவர் கடைசியில் அடங்கிய இடம் இது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, உலகத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்கும் சென்னைத் துறைமுகம்.

அந்தச் சமாதிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பழைய ராக், நாட்டுப்புற இசைத்தட்டுகளைத் தேடித் தேடி அலமாரியில் அடுக்குகிறவர் செய்வது வழிபாடா, வெறும் பற்றா?

கேள்வியைச் சிக்கலாக்குவது தட்டுகளில் இருக்கும் பாட்டுகள்தான். ஜார்ஜ் ஹாரிசன் 1970-ல் வெளியிட்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' தொகுப்பின் தலைப்பே எல்லாம் கடந்துபோகும் என்கிறது. ஒரே பெட்டியில் மூன்று எல்.பி. தட்டுகள். நிலையாமையைச் சொல்லும் அந்தப் பெட்டியின் முதல் பதிப்பை ஓரம்கூட மடங்காமல் காத்து வைத்திருக்கிறார்கள் சேகரிப்பாளர்கள். பீட் சீகர் இசையமைத்த 'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாட்டின் சொற்கள் ஏறக்குறைய முழுவதும் விவிலியத்தின் பிரசங்கி மூன்றாம் அதிகாரத்தில் இருந்து வந்தவை. ராயபுரத்துத் தேவாலயங்களுக்குப் போகிறவர்களுக்குப் பழகிய அதிகாரம் அது. 'தி பேர்ட்ஸ்' குழு 1965-ல் அதைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பட்டினத்தாரும் தப்பவில்லை. 1936-ல் எம்.எம். தண்டபாணி தேசிகர் அவராகத் திரையில் நடித்தார், 1962-ல் டி.எம். சௌந்தரராஜன். திரைப்பாட்டு தட்டில் ஏறி வீடுகளை எட்டிய காலம் அது. பொருளைத் துறந்தவரின் குரல் விலைக்கு வாங்கும் பொருளாயிற்று.

இதை முரண்பாடு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் தட்டின் உடம்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 78 சுழற்சித் தட்டுகளுக்கு மூலப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரந்து விட்டுப் போகும் பிசின். 1948-ல் வந்த எல்.பி.யின் வினைலோ பெட்ரோலியத்திலிருந்தும் உப்பின் குளோரினிலிருந்தும் பிறப்பது. உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எண்ணூருக்கும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வாசம் அறிந்த மணலிக்கும் அந்நியமான பொருள்கள் அல்ல இவை. பழைய கிராமபோனின் எஃகு ஊசிக்கும் காது கிடையாது. பள்ளத்தின் வடிவத்துக்குத் தன்னைத் தேய்த்துக்கொண்டு பாட வைப்பதுதான் அதன் வேலை. ஒரு பக்கம் பாடி முடித்ததும் அதை எறிந்துவிட்டுப் புது ஊசி போட வேண்டும். எல்.பி.யின் வைர முனை எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும், ஒவ்வொரு முறையும் பள்ளம் இம்மியளவு தேயத்தான் செய்கிறது.

ஆகவே தட்டைக் கேட்பது என்றாலே அதைச் செலவழிப்பது. உறை பிரிக்காமல் பூட்டி வைப்பவரிடம் இருப்பது வட்டமான பிளாஸ்டிக் மட்டும். பாட்டு அவரிடம் இல்லை. திருக்குறளின் துறவு அதிகாரம் 'நான், எனது' என்ற செருக்கை அறுக்கச் சொல்கிறது. அந்த அளவுகோலால் பார்த்தால், குற்றம் தட்டை வைத்திருப்பதில் இல்லை. மற்றவர் காதுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதில் இருக்கிறது.

துறவைப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது: இருப்பவர்தான் துறக்க முடியும். துறைமுகத்துக்கு எதிரே 1969-ல் உருவான பர்மா பஜாரில் கடை போட்டவர்கள், பர்மாவில் வீடும் தொழிலும் இழந்து வந்த தமிழர்கள். அவர்கள் துறந்தவர்கள் அல்லர், பறிகொடுத்தவர்கள். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமும் தட்டும் விற்றவர்களின் சரக்கை 1985-ல் தீ தின்றது. இப்படி இழந்தவர்களிடம் போய் 'பொருள் மாயை' என்று உபதேசிப்பது கொடுமை. ஆலையில் வேலை முடிந்து வந்து, சேர்த்த காசில் வாங்கிய ஒரே ஒரு தட்டைச் சுழலவிட்டுக் கண்மூடிக் கேட்கிறவரின் சந்தோஷத்தை எந்த ஞானி குறை சொல்லுவார்?

வடசென்னைக்கு இன்னொரு பதிலும் தெரியும். அது கானா. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்காக, இறந்தவரின் பெயரையும் வாழ்வையும் கோத்து அங்கேயே கட்டிப் பாடும் பாட்டு. அந்த இரவுக்காகப் பிறந்து அந்த இரவோடு முடிந்துபோனவை எத்தனையோ. சேர்த்து வைக்காத இசை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் அதிலும் பாதி நியாயம்தான் இருக்கிறது. பதிவாகாமல் போனதால் முன்தலைமுறைக் கானா பாடகர்கள் பலரின் குரல் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. எளிய மக்களின் கலை அழிந்தால் அதை நிலையாமைத் தத்துவம் என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாது, அது அநீதி. 2018-ல் கானாவையும் ராக்கையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் இசைவாணி பாடியபோது, அந்தக் குரல் பதிவாகி உலகெங்கும் போனது. நியாயமாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது அது.

சேர்ப்பதும் விடுவதும் கூடிவர முடியும் என்பதற்குச் சான்று கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். வணிகச் சமூகத்தில் பிறந்த அவர் வாழ்நாளெல்லாம் அச்சில் வந்த தமிழைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைக்கச் செய்தது. ஒருவர் சேர்த்தது ஊருக்குத் திறந்தது.

வடசென்னை வீடுகளின் பரண்களிலும் தட்டுகள் இருக்கின்றன. கானா கேசட்டுகளும் இருக்கின்றன. உரியவர் கண்மூடியதும் அவை எடைக்குப் போய்விடுகின்றன. யாரிடம் கொடுப்பது என்பதை வைத்திருப்பவர் இருக்கும்போதே முடிவுசெய்து எழுதி வைக்க வேண்டும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு பொது நூலகம் அவற்றுக்கு ஓர் அறையும், தட்டு ஓட்டும் கருவி ஒன்றும், வாரம் ஒரு மாலையும் ஒதுக்கினால் போதும். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம்.