ஞாயிற்றின் மீது பழியா?

கதிரும் நிலவும் உள்ளவரை இக்கொடை நிற்கும் எனக் கல்லில் வெட்டினர் மன்னர். மாறாமைக்கு உவமை தேடினோர்க்கு ஞாயிறே கிடைத்தது. அந்த ஞாயிறும் மாறுகிறதே!

உதகைக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவையே துணையாகக் கொண்டு, 1970-இல் இயங்கத் தொடங்கிற்று 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி. ஞாயிற்றிலிருந்து வீசும் துகட்காற்று ஒருநாள் போல் ஒருநாள் இல்லை என்பதை அதன் வழி அறிந்தோம். ஒளியும் அவ்வாறே, ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்களவு ஏறி இறங்குகிறது.

அப்படியானால் புவி சூடேறுவதும் ஞாயிற்றின் குற்றந்தானோ? அன்று! 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. புவியின் வெப்பம் ஏறிற்று. ஞாயிற்றின் ஒளி அதனோடு ஏறவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த கை, மனிதன் கை.

விதியைப் பழித்துப் பழகிய நாம், இனி விண்ணைப் பழித்துத் தப்பலாமோ? அளந்தறிவோம், அறிந்தபின் பொறுப்பேற்போம்!